கப்பலுக்குள் ஒரு தெப்பக்குளம்

மேலூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "நிலத்துக்கும் நீருக்குமான போக்குவரத்துக் கப்பல் என்று செய்தியில் படித்தேன். கப்பல் எப்படி நிலத்துக்கு வரும்? ஏவுகணை பறக்கிற காலத்தில் இவ்வளவு பெரிய கப்பலில் வீரர்களை ஏற்றிப் போய்க் கரையில் இறக்குவது பழைய காலத்து வேலை இல்லையா? இந்தியாவுக்கு இது எதற்கு?"

நான் கடற்படையில் எஞ்சின் பிரிவில் வேலை பார்த்தவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி டாங்கி இறக்கும் கப்பல்களில் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு திருமங்கலத்தில் இருக்கிறேன். தம்பி கேட்டது மூன்று கேள்வி. முதல் கேள்விக்குக் கடலோரம் போக வேண்டியதில்லை, வண்டியூர்த் தெப்பக்குளமே போதும்.

தைப்பூசத்தில் அம்மனும் சுவாமியும் தெப்பத்தில் ஏறி மைய மண்டபத்தைச் சுற்றி வருவதைப் பார்த்திருப்பீர்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் குளம் வறண்டு, தெப்பம் தரையில் நின்ற இடத்திலேயே நிற்க, அதை நிலைத்தெப்பம் என்று நடத்தி முடித்ததையும் நம் ஊரில் பலர் பார்த்திருக்கிறார்கள். அலங்காரம் அதேதான், கட்டுமானமும் அதேதான். வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாக உள்ளே வந்தால்தான் தெப்பம் நகரும்.

தம்பி செய்தியில் படித்த கப்பலைக் கடற்படையினர் எல்.பி.டி. என்பார்கள். அதன் பின்பகுதியில் இருப்பது அப்படி ஒரு குளம். வெல் டெக் என்பது அந்தக் குளத்தின் பெயர். சாதாரண நேரத்தில் அது வறண்ட கிடங்கு. தரை இறங்கும் படகுகள் நிலைத்தெப்பம் போல அதில் நிற்கும். வேலை வந்ததும் கப்பலின் அடியில் உள்ள பாலஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவார்கள். பாரம் ஏற ஏறக் கப்பலின் பின்பகுதி தாழும். பின்கதவைக் கீழே இறக்கினால் கடல் தானாக உள்ளே வரும். படகுகள் மிதக்கும், எஞ்சினைக் கிளப்பி ஒவ்வொன்றாக வெளியே போகும். வேலை முடிந்ததும் தொட்டிகளில் உள்ள நீரை வெளியேற்றினால் கப்பல் மீண்டும் நிமிரும். நம் குளத்துக்கு வைகை வர வேண்டும். இந்தக் கப்பலோ தானே குனிந்து கடலை உள்ளே விட்டுக்கொள்கிறது.

இந்தியாவில் இத்தகைய குளம் உள்ள கப்பல் ஒன்றே ஒன்று, ஐ.என்.எஸ். ஜலஷ்வா. பெயருக்கு நீர்க்குதிரை என்று பொருள். நீளம் 173 மீட்டர், அதாவது மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். முழுப் பாரத்துடன் சுமார் 17,000 டன். ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள், நான்கு தரை இறங்கும் படகுகள், மேல்தளத்தில் ஹெலிகாப்டர்கள். படகு ஒவ்வொன்றும் 60 டன் வரை சுமக்கும்.

விசாகப்பட்டினத்தில் இருந்தபோது அந்த வெல் டெக்குக்குள் போய்ப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. பளபளக்கும் இரும்பை எதிர்பார்த்துப் போனேன். முதலில் கண்ணில் பட்டது மரம். தரையிலும் பக்கச் சுவர்களிலும் தடித்த பலகைகள். உள்ளே வரும் அலை படகைத் தூக்கிச் சுவரில் மோதும்போது இரும்போடு இரும்பு உரசக் கூடாது என்பதற்காக. பலகைகளில் கயிறும் படகு விளிம்பும் உரசிய பள்ளங்கள், மாட்டுக் கொட்டில் கட்டைகளைப் போல. சுவரில் நீர் மட்டம் காட்டும் எண்கள், வைகை அணையில் அடிக்கணக்கு எழுதியிருப்பதைப் போல. மூடிய இடம் என்பதால் டீசல் புகையும் உப்பும் கலந்த வாடை பலகையில் ஊறிப் போயிருந்தது. படகோட்டிகள் கைச் சைகையை நம்பித்தான் உள்ளே வருகிறார்கள் என்று அங்கே ஒருவர் சொன்னார். எஞ்சின் இரைச்சலில் வாய்ப்பேச்சு கேட்காது.

பாரம் ஏற்றும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு லாரி கட்டிப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. போய் இறங்கியதும் முதலில் வேண்டியது அடுப்பும் அண்டாவும். ஆகவே அவற்றைக் கடைசியில்தான் ஏற்றுவார்கள். போர்க்கப்பலிலும் அதே கணக்கு. சரக்குக் கப்பலில் இடம் வீணாகாமல் அடுக்குவார்கள், இதில் இறக்கும் வரிசைக்குத் தலைகீழாக அடுக்குவார்கள். பாதி இடம் வீணானாலும் சரி, முதல் படகில் போக வேண்டியது முதலில் கைக்கு வர வேண்டும்.

இனி வகைகள். எல்.எஸ்.டி. என்ற சுருக்கம் தமிழில் ஒரு சிக்கல். டாங்கி இறக்கும் கப்பலுக்கும் படகுகளுக்கான டாக் கப்பலுக்கும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சுருக்கம், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் சுருக்கத்தை விட்டுவிட்டு வேலையைச் சொல்கிறேன். டாங்கி இறக்கும் கப்பல் நேராகக் கரையில் முட்டி முன்கதவைத் திறக்கும். டாக் கப்பல் படகுகளைச் சுமந்து வந்து கடலில் விடும். எல்.பி.டி. அதே வேலையோடு வீரர்களையும் ஹெலிகாப்டர்களையும் சுமக்கும். எல்.எச்.டி. என்பது முழுநீள விமானத் தளத்துடன் இன்னும் பெரியது. பிரான்சின் மிஸ்ட்ரல், சீனாவின் 075 வகைக் கப்பல்கள் அந்த இனம்.

கரையில் முட்டுவது எப்படி என்று எனக்கு உடம்பாலேயே தெரியும். கரை நெருங்கும் முன்பே பின்பக்கத்தில் ஒரு நங்கூரத்தைப் போட்டுவிட்டு, அதன் கம்பியை விட்டுக்கொண்டே முன்னேறுவோம். திரும்பும்போது அந்தக் கம்பியைச் சுற்றி இழுத்துத்தான் மணலிலிருந்து கப்பலைப் பிடுங்க வேண்டும். எஞ்சின் அறையில் இருப்பவனுக்குக் கரை தெரியாது. காலடியில் ஒரு நீண்ட உரசல், பிறகு இத்தனை ஆயிரம் டன்னும் அசைவற்று நிற்கும் ஓர் அமைதி. எத்தனை முறை செய்தாலும் அந்த நொடியில் மூச்சு நின்றுதான் வரும்.

இந்த முறையின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. கரையின் சரிவு சரியாக அமைய வேண்டும். கடலுக்கடியில் ஒரு மணல்திட்டு குறுக்கே இருந்தால் கப்பல் அதிலேயே தட்டி நின்றுவிடும். கரை கண்ணுக்கு எதிரே இருக்கும், நடுவில் ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், காக்ஸ் பஜார் கரையில் நம் படைக்கு இதுதான் நேர்ந்தது. எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லாத கரை. இருந்தும் இறங்கிய வீரர்கள் ஆழத்தில் சிக்கி உயிரிழப்பு ஏற்பட்டது. எதிரியைவிடக் கரையைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவதற்குப் பின்னால் அந்த வீரர்களின் உயிர் இருக்கிறது.

எல்.பி.டி. இந்தத் தளையை அவிழ்க்கிறது. கப்பல் ஆழ்கடலிலேயே நிற்கும், சிறு படகுகள் கரைக்குப் போகும். ஹோவர்கிராப்ட் இருந்தால் இன்னும் வசதி. ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராப்டைப் பார்த்திருக்கலாம். ரப்பர் பாவாடையைக் காற்றால் உப்பவைத்து நீர்மேல் விரைந்து, அதே வேகத்தில் மணல்மேல் ஏறி வந்து உட்காரும். அமெரிக்கக் கடற்படையின் பெரிய ஹோவர்கிராப்ட் 60 டன் சுமந்துகொண்டு மணிக்கு 40 கடல்மைல் ஓடும். சாதாரணத் தரை இறங்கும் படகால் உலகக் கடற்கரையில் சுமார் 15 சதவீதத்தில்தான் ஏற முடியும், ஹோவர்கிராப்டால் 70 சதவீதத்துக்கும் மேல் முடியும் என்பது அக்கடற்படையின் கணக்கு. எதிரிக்கு இதன் பொருள் எளிது. முன்பு நாலைந்து கரைகளைக் காத்தால் போதும், இப்போது கரை முழுவதையும் காக்க வேண்டும்.

இப்போது ஜலஷ்வாவின் பழைய கதைக்கு வருகிறேன். இரண்டாம் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கட்டப்பட்டு, 1971-ல் டிரெண்டன் என்ற பெயரில் அந்நாட்டுக் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. படையை அந்நியக் கரையில் இறக்குவதற்காகப் பிறந்தது. ஆனால் அதன் பெயர் வரலாற்றில் அழுத்தமாகப் பதிந்த இடங்களைப் பாருங்கள். 1991 ஜனவரியில் சோமாலியத் தலைநகர் மொகதிஷு உள்நாட்டுப் போரில் எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் பல நாட்டினர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். டிரெண்டனிலிருந்து கிளம்பிய இரண்டு கனரக ஹெலிகாப்டர்கள் நள்ளிரவில் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, எழுநூறு கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய் முதல் தொகுதியை மீட்டன. மொத்தம் 281 பேர், 30 நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டார்கள். 2006 ஜூலையில் லெபனான் போரின்போது பெய்ரூட்டிலிருந்து மக்களை ஏற்றி வந்த கப்பல்களில் இதுவும் ஒன்று.

2007-ல் அது இந்தியாவுக்கு வந்தது. அந்த ஆண்டு ஜூன் 22 அன்று அமெரிக்காவின் நார்ஃபோக் துறைமுகத்திலேயே ஜலஷ்வா என்ற பெயரில் நம் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கப்பலுக்குள் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசிந்து ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்களை நொடியில் சாய்க்கும் அதே வாயு. நம் ஊரில் அத்தகைய செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஐவரின் நினைவும் வருகிறது. போர்க்கப்பலில் சாவு எதிரியின் குண்டிலிருந்து மட்டும் வருவதில்லை. தொட்டியும் குழாயும் மூடிய அறையும் நிறைந்த கப்பலில் அது எங்கும் காத்திருக்கும். தொட்டி அதிகமுள்ள கப்பல் வகை இது.

பிறகு 2020. ஊரடங்கில் விமானங்கள் நின்றுபோக, வேலையிழந்த நம்மவர்கள் மாலத்தீவிலும் இலங்கையிலும் ஈரானிலும் மாட்டிக்கொண்டார்கள். சமுத்திர சேது என்ற பெயரில் கடற்படை அனுப்பிய நான்கு கப்பல்களும் கரை இறங்கும் கப்பல்கள்தான். ஜலஷ்வா, ஐராவத், ஷார்துல், மகர். மே 10 அன்று மாலேயிலிருந்து 698 பேரை ஜலஷ்வா கொச்சிக்குக் கொண்டு வந்தது, அதில் 19 பேர் கர்ப்பிணிகள். அதன்பின் நம் தூத்துக்குடிக்கே மூன்று முறை வந்தது. ஜூன் 2-ல் கொழும்பிலிருந்து, ஜூன் 7-ல் மாலேயிலிருந்து, ஜூலை 1-ல் ஈரானின் பந்தர் அப்பாஸிலிருந்து. மூன்று நடையிலும் சேர்த்து இரண்டாயிரம் பேருக்கு மேல் தூத்துக்குடியில் இறங்கினார்கள். அந்த முழு நடவடிக்கையில் ஊர் திரும்பியவர்கள் 3,992 பேர்.

மாலேயிலிருந்து வந்தவர்களில் எங்கள் தெருப் பையன் ஒருவனும் இருந்தான், அங்கே ஒரு விடுதியில் சமையல் வேலை. தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் மதுரைக்கு வந்து, தனிமை நாட்கள் முடிந்த பிறகு என்னைப் பார்க்க வந்தான். "மாமா, ஏறும்போது பார்த்தேன், தரை முழுவதும் கையகலத்துக்கு இரும்புக் குழிகள். குழிக்குள் குறுக்குக் கம்பி. அது எதற்கு?" என்று கேட்டான். கடல் கொந்தளிக்கும்போது டாங்கி உருளாமல் சங்கிலியால் கட்டும் கொக்கிக் குழிகள் அவை என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதன்மேல்தான் மாமா எங்கள் பெட்டிகளை வரிசையாக வைத்தார்கள்" என்றான்.

பயணிகள் கப்பலை அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆயிரம் வீரர்களுக்குப் படுக்கையும் சமையற்கட்டும் குடிநீரும் தயாராக உள்ள கப்பல், நான்கு அறுவை சிகிச்சை அறைகளும் 12 படுக்கை கொண்ட மருத்துவப் பகுதியும் உள்ள கப்பல், ஆணை வந்தால் சில நாட்களில் புறப்படும் நிலையில் இருக்கும் கப்பல் வேறு எது?

இருந்தாலும் தம்பியின் இரண்டாம் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். இந்தக் கப்பல்கள் பெரியவை, மெதுவானவை, கரைக்கு அருகே வந்தாக வேண்டியவை. உக்ரைன் போரில் 2022 மார்ச்சில் பெர்டியான்ஸ்க் துறைமுகத்தில் ரஷ்யாவின் சரடோவ் என்ற கரை இறங்கும் கப்பல் அழிந்தது. 2024 பிப்ரவரியில் சீசர் குனிகோவ் என்ற இன்னொன்றை ஆளில்லாப் படகுகள் மூழ்கடித்தன. ஒடேசாவில் ரஷ்யப் படை கடல்வழியே இறங்கும் என்று முதல் வாரங்களில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அது நடக்கவே இல்லை. எதிரியின் ஏவுகணையும் ஆளில்லாப் படகும் உயிரோடு இருக்கும்வரை எல்.பி.டி.யைக் கரையருகே கொண்டு போகக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் இந்த ஆபத்து ஏவுகணைக் காலத்தில் புதிதாக முளைத்ததல்ல. 1982-ல் பிரிட்டன் ஃபாக்லாந்துத் தீவுகளை அர்ஜென்டினாவிடமிருந்து மீட்க 13,000 கிலோமீட்டர் கடந்து போனது. அதன் ஃபியர்லெஸ், இன்ட்ரெபிட் என்ற இரண்டு எல்.பி.டி.களையும் செலவைக் குறைக்க விற்றுவிடலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டுதான் திட்டம் போட்டிருந்தார்கள். மே 21 அன்று சான் கார்லோஸ் கரையில் படை இறங்கியபோது அந்த இரண்டும்தான் முதுகெலும்பு. மூன்று வாரம்கூடப் போகவில்லை, ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராய் அருகே வீரர்களை இன்னும் இறக்கி முடிக்காமல் நின்ற சர் கலஹாட் கப்பல்மீது குண்டு விழுந்து 48 பேர் இறந்தார்கள். அந்த இரு நாட்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். கரை இறங்கும் கப்பலுக்குத் தலைக்கு மேல் விமானக் காப்பு வேண்டும், இறக்கும் வேகம் வேண்டும், நிற்கும் நேரம் குறைய வேண்டும்.

இறங்காமலே பயன்படுவதும் உண்டு. 1991 குவைத் போரில் சுமார் 17,000 அமெரிக்க மரீன் வீரர்கள் கப்பல்களில் காத்திருந்தார்கள். அவர்கள் கரை இறங்குவார்கள் என்று நம்பி ஈராக் பல டிவிஷன்களைக் கடற்கரையிலேயே நிறுத்திவைத்தது. பெரும் தாக்குதல் பாலைவனம் வழியாக வந்தது.

ஆபத்தை உணர்ந்தே புதிய கப்பல்களின் உருவம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் சான் அன்டோனியோ வகை 208 மீட்டர் நீளம், சுமார் 25,000 டன். சுவர்கள் சாய்ந்திருக்கும், கம்பங்கள் மூடிய கோபுரங்களாக இருக்கும், எல்லாம் ரேடாரில் சிறிதாகத் தெரிவதற்காக. சுமார் 700 வீரர்களும் இரண்டு பெரிய ஹோவர்கிராப்டுகளும் அதில் போகலாம். அந்த வகையில் நியூயார்க் என்ற கப்பலின் முன்முனையில், இடிந்த உலக வர்த்தக மையக் கோபுரங்களின் எஃகு ஏழரை டன் உருக்கிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. போர்ட்லண்ட் என்ற இன்னொரு கப்பலைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 2022 டிசம்பர் 11 அன்று, நிலவைச் சுற்றிவிட்டுப் பசிபிக் கடலில் விழுந்த ஆளில்லா ஓரியன் விண்கலத்தை மீட்டது அதுதான். கயிறு கட்டி மெல்ல வெல் டெக்குக்குள் இழுத்து, பின்கதவை மூடி, தண்ணீரை வடித்தார்கள். நிலவு போய் வந்த கலம், நம் தெப்பம் தை முடிந்து தரையில் அமர்வதைப் போல, கப்பலின் தரையில் அமர்ந்தது.

மூன்றாம் கேள்வி, இந்தியாவுக்கு எதற்கு. அந்தமான் நிக்கோபார் தீவுகள் சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. 2004 ஆழிப்பேரலையில் நிக்கோபாரின் படகுத் துறைகள் உடைந்து போயின. கிரேன் இல்லை, துறை இல்லை, சாலையும் இல்லை. அத்தகைய கரைக்கு அரிசியையும் ஜெனரேட்டரையும் புல்டோசரையும் கொண்டு சேர்க்க வேண்டுமென்றால் துறைமுகத்தையும் கப்பலே சுமந்து போக வேண்டும். தீவு பகைவன் கையில் போனால் மீட்பதற்கு வேண்டியதும் அதே கப்பல்தான்.

நம்மிடம் ஷார்துல் வகைக் கப்பல்கள் மூன்று உள்ளன, கொல்கத்தாவில் கட்டியவை, ஒவ்வொன்றிலும் 11 டாங்கிகளும் 500 வீரர்களும் போகலாம். அந்தமானில் எட்டுச் சிறிய கரை இறங்கும் கலங்களும் உள்ளன. நல்ல கப்பல்கள், ஆனால் கரையில் முட்டுகிற இனம். கடலில் நின்றபடி படகை விடும் கப்பல் ஜலஷ்வா மட்டும். சீனாவிடம் அதே வகையில் எட்டு இருக்கின்றன, முதலாவது பணியில் சேர்ந்தது ஜலஷ்வா நம்மிடம் வந்த அதே 2007-ல்.

நான்கு எல்.பி.டி.களை உள்நாட்டில் கட்டும் திட்டம் பல ஆண்டுகள் இழுத்து 2020-ல் கைவிடப்பட்டது. மறு ஆண்டு புதிதாகத் தகவல் கோரினார்கள். 2025 அக்டோபர் 23 அன்று பாதுகாப்புக் கொள்முதல் குழு எல்.பி.டி. வாங்குவதற்கு முதல்கட்ட ஒப்புதல் தந்திருக்கிறது. அதற்குப் பிறகு டெண்டர், விலைப்பேச்சு, ஒப்பந்தம், எஃகு வெட்டுதல், மிதக்கவிடுதல், கடல் சோதனை என்று ஒவ்வொன்றாக நடக்க வேண்டும். எஞ்சின் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் எனக்குள்ள கவலை ஒன்றுதான். ஜலஷ்வா ஓடுவது நீராவியில், இரண்டு பாய்லர், இரண்டு டர்பைன். அந்தத் தலைமுறைப் பாய்லரின் குழாய்களைத் தட்டிப் பார்த்தே குறை சொல்லத் தெரிந்த மாலுமிகள் ஆண்டுதோறும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். புதிய கப்பல் நீரில் இறங்கும் நாள்வரை, 1971-ல் சியாட்டிலில் பற்றவைத்த அந்தப் பாய்லர்களை அணையாமல் காக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.